யானைமலையைப் படம் பிடித்த கேப்டன்



மேலூர் ரோட்டில் பஸ் ஒத்தக்கடையை நெருங்கும்போது ஜன்னல் பக்கம் ஒரு மலை தெரியும். படுத்திருக்கிற யானை மாதிரி ஒரே பாறை. தினமும் பார்ப்பதால் நமக்கு அது மலையாகவே தெரிவதில்லை, ஸ்டாப்பிங் வரப்போகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

போன வருஷம் சர்வே கேம்ப் முடிந்த மறுநாள் நாங்கள் மூன்று பேர் அந்த யானைமலையைப் படம் எடுக்கப் போனோம். எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நல்ல கேமரா. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நாற்பது படத்துக்கு மேல் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி, மலை சாம்பல் குவியல் மாதிரி! ஒரு படத்தில்கூட யானையைக் காணோம். கேமரா சரியில்லை என்று அண்ணனிடமே சொன்னோம். அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பழைய படத்தைத் திறந்து காட்டினார். அதே யானைமலை. கறுப்பு வெள்ளையில், இறங்கி நடந்து வருகிற மாதிரி நிற்கிறது. எடுத்த வருஷம் 1858.

எங்கள் மூன்று பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. மின்சாரம் இல்லாத, ரயில் இல்லாத மதுரையில் ஒரு மனுஷன் இதை எடுத்திருக்கிறார்! யார் அவர்? அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822ஆம் வருஷம் ஏப்ரல் 14ந் தேதி இங்கிலாந்தில் பிளிமத் பக்கம் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா அறுவை மருத்துவர். பன்னிரண்டு குழந்தைகளில் இவர் ஒன்பதாவது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் பையன் என்ன செய்வான்? நம்ம ஊரில் டிப்ளமோ முடித்ததும் வேலை தேடி திருப்பூருக்கும் ஓசூருக்கும் போவது மாதிரி, அந்தக் காலத்தில் அவர்கள் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார்கள். ட்ரைப் பதினாறு பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். 12வது நேட்டிவ் இன்பென்ட்ரி அவருடைய ரெஜிமென்ட்.

பத்து வருஷத்துக்கு மேல் சாதாரண பட்டாள வாழ்க்கை. 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் போட்டோகிராபி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கலையே பிறந்து பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. 1853ல் லண்டனில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிய வருஷமே உறுப்பினரானார். டெவன்போர்ட் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் படம் எடுத்துப் பழகினார்.

1854ல் திரும்பி பெங்களூருக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போய் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1855ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவற்றுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. யாரும் அவரை அனுப்பவில்லை, சொந்த ஆர்வத்தில் போனார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவர் இல்லை அவர்.

பர்மா கற்றுக்கொடுத்த பாடம்

அந்தப் படங்களால் வந்த வாய்ப்புதான் பர்மா. 1855ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, பர்மா ராஜா மிண்டோனின் தலைநகரான அமரபுரத்துக்கு ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் ட்ரைப் போட்டோகிராபர். ஐராவதி ஆற்றில் பயணம். மழை மேகம், மங்கிய வெளிச்சம், நடுவில் உடம்புக்கும் முடியவில்லை. ஒரு இடத்தில் எத்தனை நாள் தங்குவது என்பதும் அவர் கையில் இல்லை. அப்படியும் இருநூறுக்கு மேல் நெகட்டிவ்களோடு திரும்பினார். அதில் 120ஐத் தேர்ந்தெடுத்து, ஐம்பது செட் பிரிண்ட் போட்டார். கணக்குப் பாருங்க, ஆறாயிரம் பிரிண்ட்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, கையால் கழுவி எடுத்தது.

பர்மாவில் பட்ட பாட்டிலிருந்துதான் அடுத்த பயணத்தை எந்த மாதத்தில், எந்தச் சாமான்களோடு போகவேண்டும் என்று திட்டமிட அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அந்த அடுத்த பயணம்தான் நம்ம மதுரைக்கு!

எந்தக் கருவி? ஏன்?

மதராஸ் மாகாண அரசு அவரைத் தன்னுடைய போட்டோகிராபராக நியமித்தது. 1857ல் பெங்களூரில் வேலையைத் தொடங்கினார். மாகாணத்திலுள்ள கோயில், கோட்டை, மலை, முக்கியமான இடங்களையெல்லாம் படமாகப் பதிவு செய்யவேண்டும். அப்போது அவர் முன்னால் இருந்த கேள்விதான் இன்றைக்கும் கேமரா கடையில் நாம் நின்று முழிக்கிற கேள்வி. எதை எடுத்துப் போவது?

அன்றைக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, 1851ல் வந்த ஈரக் கொலோடியன் கண்ணாடி. படம் துல்லியமாக வரும், வேகமும் அதிகம். ஆனால் கண்ணாடியில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே அங்கேயே கழுவவேண்டும். இருட்டு டென்ட் கூடவே வரவேண்டும். நம்ம ஊர் வெயிலில் மருந்து எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? மாட்டு வண்டி குலுங்குகிற குலுங்கலில் கண்ணாடி என்ன ஆகும்?

இன்னொன்று, பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே அதே 1851ல் வெளியிட்ட மெழுகுக் காகித முறை. மெல்லிய காகிதத்தை உருக்கிய தேன்மெழுகில் ஊறவைத்து, அயோடைடு கரைசலில் நனைத்துக் காயவைப்பது. அவர் சொன்ன பக்குவத்தில் அரிசி வடித்த தண்ணீரும் உண்டு என்றால் நம்புவீர்களா? பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டால் வெளிச்சத்தை உணரும் காகிதம் தயார். இதை முன்னாலேயே செய்து வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்த பிறகும் உடனே கழுவவேண்டிய அவசியமில்லை. ராத்திரி தங்குமிடத்துக்கு வந்து கேலிக் ஆசிட்டில் போட்டு, நிதானமாக உருவம் வரும்வரை காத்திருந்து, ஹைப்போவில் நிலைநிறுத்தலாம். உடையாது, எடையும் குறைவு.

குறை என்ன? வேகம் ரொம்பக் குறைவு. ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸ் திறந்திருக்கவேண்டும். நடந்து போகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். காற்றில் ஆடுகிற இலை மங்கிப்போகும்.

ட்ரைப் தன்னுடைய பெரிய படங்களுக்குக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆடாத மலைக்கும் அசையாத கோபுரத்துக்கும் வேகம் எதற்கு? அவருக்கு வேண்டியது பெரிய அளவும், வழியில் பாழாகாத சாமானும். நெகட்டிவ் அளவு சுமார் 10 அங்குலத்துக்கு 14 அங்குலம். அன்றைக்கு என்லார்ஜ் பண்ணும் வசதி நடைமுறையில் இல்லாததால் நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் பிரிண்ட். கேமரா எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். நல்ல கருவி என்றால் விலை கூடிய கருவி என்று அர்த்தமில்லை, போகிற வேலைக்கும் போகிற ஊருக்கும் பொருந்துகிற கருவி என்பதை நமக்கு இதைவிட யார் நன்றாகச் சொல்லித்தர முடியும்?

மாட்டு வண்டியில் மதுரைக்கு

வடக்கே 1857 கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அந்த டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார் ட்ரைப். சேலம் பக்கம் ராயக்கோட்டை, பிறகு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி சென்னை வந்து சேர்ந்தபோது கோடை ஆரம்பித்திருந்தது. மதுரையில் அவர் இருந்தது 1858 ஜனவரி, பிப்ரவரி.

இந்த மாதங்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தூசி அடங்கியிருக்கும். வானம் தெளிவு. வெயில் இன்னும் கடுமையாகவில்லை. சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் நீளமாக விழும், பாறையின் மேடு பள்ளம் தெரியும். நாங்கள் போனது எப்போது? மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. சூரியன் உச்சந்தலையில்! மலைக்கு நிழலே இல்லை. கேமராவைக் குறை சொன்னோமே, வெட்கமாக இருந்தது.

தண்ணீர் இன்னொரு பிரச்சினை. சில்வர் நைட்ரேட்டில் உப்புத் தண்ணீர் பட்டால் வெள்ளையாகத் திரியும் என்று முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேபில் பார்த்திருப்பீர்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் இந்த வேலை நடக்காது. இந்தத் தொழிலில் நிற்கிற இடத்தைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்க்கவேண்டியிருந்தது.

எண்ட் வியூ

இப்போது யானைமலைக்கு வருவோம். மலை சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? முழுசும் வரவேண்டும் என்று தூரப் போய்ப் பக்கவாட்டில் நின்று எடுப்போம். படத்தில் அது ஒரு கோடு மாதிரி வரும். ட்ரைப் மலையின் ஒரு முனைக்குப் போனார். மூன்று கிலோமீட்டரும் பின்னால் சுருங்க, பாறையின் முகப்பு மட்டும் எதிரே எழுந்து நிற்கிறது. அந்தப் படத்துக்கு அவர் கொடுத்த தலைப்பிலேயே முனைத் தோற்றம் என்று இருக்கிறது. நம்ம எஞ்சினியரிங் டிராயிங்கில் பிளான், எலிவேஷன், எண்ட் வியூ என்று மூன்று போடுகிறோமே, அதே எண்ட் வியூதான்! முதல் வருஷம் முழுக்க வரைந்தோம். மலையடிவாரத்தில் நின்றபோது ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

வைகையை எடுத்தபோதும் அப்படித்தான். பாலம் இல்லாத வைகை அது. ஏ.வி. பாலம் வந்தது 1889ல். ட்ரைப் எடுத்த படத்தில் ஆற்றுக்குள்ளேயே தாழ்வாகப் போடப்பட்ட கற்பாதை மதுரையை நோக்கிப் போகிறது. ஆற்றின் அகலத்தைப் பார்த்தால் இது நம்ம வைகைதானா என்று கேட்கத் தோன்றும்.

திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அது பாழடைந்து கிடந்த காலம். கவர்னர் நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தது 1866க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மகால் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ட்ரைப்பின் படங்கள் சாட்சி. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற சிவில்காரனுக்கு இந்த மாதிரிப் படம் ஒரு டிராயிங்குக்குச் சமம். புது மண்டபத் தூண்கள், தெப்பக்குளம், மீனாட்சி அம்மன் கோயில், நம்ம விளக்குத்தூண்கூட அவர் கேமராவில் விழுந்திருக்கிறது. கோட்டைச் சுவரை இடித்து மதுரையை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. அன்றைக்கு அதற்கு அதிக வயதில்லை!

ஒரு சங்கதி. அந்தக் காகிதம் நீல ஒளிக்குத்தான் அதிகமாக மசியும். செம்மண்ணும் பச்சை இலையும் கறுத்துப்போகும், வானம் வெளுத்துத் திட்டுத்திட்டாக வரும். ட்ரைப் நெகட்டிவ் மேல் தூரிகையால் நிறம் தீட்டி மேகத்தையும் இலைக்கொத்தையும் சேர்த்திருக்கிறார். இன்றைக்கு போனில் எடிட் பண்ணுகிறோமே, அதற்குத் தாத்தா! இது ஏமாற்று இல்லையா என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி பெரிய பட்டிமன்றமே நடந்தது. கல்லிலும் தூணிலும் கைவைக்கவில்லை, காகிதம் கெடுத்ததைத்தான் சரி செய்தார் என்பது என் கட்சி. உங்கள் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூரில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் கல்வெட்டு ஓடுகிறதல்லவா? கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். நாம் டிராவர்ஸ் சர்வேயில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகருகிற மாதிரிதான். ஒரு இடத்தில் பிசகினாலும் மொத்தமும் கெடும்.

நிறுத்து என்று வந்த உத்தரவு

1858லேயே மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மற்ற ஊர்களும் தனித்தனித் தொகுதிகளாக வந்தன. அப்போது சென்னையில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் எடுத்து முடித்தார். பெங்களூரில் ஆட்களைப் பழக்கிப் பிரிண்ட் வேலை மும்முரமாக நடந்தது. ஐயாசாமி என்ற உதவியாளர் அவரிடம் தொழில் கற்று, பிறகு சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் போட்டோகிராபராக இருந்தார். மற்றபடி வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், கேமராப் பெட்டியைத் தூக்கியவர் பெயர்கள் எங்கேயும் இல்லை. அந்தக் கைகள் இல்லாமல் ஒரு படமும் வந்திருக்காது என்பதை நாம் மறக்கக்கூடாது. கம்பெனி இதற்குச் செலவு செய்ததும் நம்ம மேல் உள்ள பிரியத்தால் அல்ல. தான் ஆளுகிற நாட்டைத் தெரிந்து, கைக்குள் வைத்துக்கொள்ளத்தான். அதையும் சொல்லியாகவேண்டும்.

1859ல் சார்லஸ் டிரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி, எங்கும் சிக்கனம். அரசாங்கச் செலவில் படம் எடுப்பது ஆடம்பரம் என்று அவருக்குப் பட்டது. வேலையை நிறுத்த உத்தரவு வந்தது. ட்ரைப்புக்கு அப்போது 37 வயது. தென்னிந்தியா முழுவதையும் பதிவு செய்யத் திட்டமிட்டவர், ஒரு பெரிய சுற்றுப்பயணத்தோடு நின்றார். அலுவலகத்தைக் கலைத்து, சாமான்களை ஒப்படைத்துவிட்டுப் பட்டாளத்துக்கே திரும்பினார்.

அதற்குப் பிறகு 1870 வாக்கில் பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர, அவர் கேமரா பக்கம் போகவில்லை என்றே சொல்லலாம். 1870களில் ஓய்வு பெற்று, மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பட்டத்தோடு சொந்த ஊர் திரும்பி, சங்கு சிப்பிகளும் பவளங்களும் சேகரித்துக்கொண்டு வாழ்ந்தார். 1902 மார்ச் 2ந் தேதி டெவன்போர்ட்டிலேயே காலமானார். ஏழெட்டு வருஷம்தான் முழு மூச்சாகப் படம் எடுத்தார். மீதி நாற்பது வருஷமும் மௌனம்.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு ஆள் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்து, மேலிடத்தில் ஆள் மாறியதும் எல்லாம் வீண்தானா? நாளைக்கு நமக்கும் இதேதானே? காண்ட்ராக்ட் வேலை, ப்ராஜெக்ட் பாதியில் நிற்கும், நாம் வரைந்த டிராயிங் பீரோவில் தூங்கும்.

ஆனால் வீணாகவில்லை. 2014லும் 2015லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரிய கூடங்களில் ட்ரைப்பின் படங்களை மட்டுமே வைத்துக் கண்காட்சி நடந்தது. அவரை நிறுத்தச் சொன்ன உத்தரவை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. படங்களைத் தேடுகிறார்கள். மெழுகுக் காகிதத்தை ஒழுங்காகக் கழுவியதால்தான் அவை 160 வருஷத்துக்கு மேல் நிற்கின்றன. அவசரத்தில் ஹைப்போவைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் எப்போதோ மஞ்சளித்து மறைந்திருக்கும்.

மறுபடியும் மலைக்கு

இந்த ஜனவரியில் நாங்கள் மூன்று பேரும் திரும்பவும் ஒத்தக்கடைக்குப் போனோம். இந்தத் தடவை அண்ணனிடம் கேமரா கேட்கவில்லை, பழைய டிரைபாட் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டோம். என் போனை அதில் கட்டினோம். முதல் நாள் சும்மா சுற்றி நடந்து, எங்கே நின்றால் மலை எழுந்து நிற்கிறது என்று மட்டும் பார்த்தோம். மறுநாள் விடியற்காலை பனி விலகும்போது மூன்றே மூன்று படம். ஒன்று தேறியது. முன்னால் வீடுகளும் கரண்ட் கம்பிகளும் நிற்கின்றன, ஆனாலும் யானை இருக்கிறது!

நண்பர்களே, 2010 வாக்கில் இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார ஜனங்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். மேலூர்ப் பக்கம் எத்தனையோ குன்றுகள் அந்தப் பாக்கியம் இல்லாமல் கிரானைட்டாகிப் போய்விட்டன. அவை எப்படி இருந்தன என்று காட்ட நம்மிடம் படம் உண்டா? கண்மாய்கள் எத்தனை காணாமல் போயின? நம்ம ஒவ்வொருத்தர் பையிலும் ட்ரைப் கனவிலும் காணாத கேமரா இருக்கிறது. நாம் எடுப்பதெல்லாம் நம்ம மூஞ்சியைத்தான்!

ஆகவே மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். யானைமலை, வைகைக் கரை, விளக்குத்தூண், தெப்பக்குளம், நம்ம காலேஜ் பக்கத்துக் கண்மாய் என்று ஐந்து இடம் தேர்ந்தெடுப்போம். சர்வே டிபார்ட்மெண்ட் உதவியோடு நிற்கவேண்டிய புள்ளியைக் குறித்து வைப்போம். ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில் அதே இடத்தில், அதே நேரத்தில், ஒரு படம். அதை ஆண்டு மலரில் போடுவோம். நாம் பாஸாகிப் போனாலும் ஜூனியர்கள் தொடரட்டும்.

இந்த வருஷத்து முதல் படம் எங்களிடம் இருக்கிறது. மீதி நான்குக்கு யார் வருகிறீர்கள்?

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்